கரண்டு பஸ்ஸும் அதோட ரசிகர் கூட்டமும்

பஸ் டிரைவரை ஊரு ரெண்டே சமயத்துலதான் நினைக்கும்: ஒண்ணு பஸ் வராதப்போ, இன்னொண்ணு வந்த பஸ் நிக்காதப்போ. அப்படித்தான் நானும் ரொம்ப வருஷம் டீசல் வண்டி ஓட்டிக்கிட்டு, யார் கண்ணுலயும் படாம நிம்மதியா இருந்தேன். செங்கல்பட்டுலேர்ந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரத்துக்குப் புதுசா ஒரு கரண்டு பஸ்ஸை விட்டு, அதுல என்னை உக்கார வச்சாங்க பாருங்க, அன்னியோட போச்சு. பஸ்ஸுக்கு ரசிகருங்க உண்டுன்னு அப்பதான் எனக்குத் தெரியும். நடிகருக்கு இருக்காங்க, கிரிக்கெட்காரனுக்கு இருக்காங்க, சரி. பஸ்ஸுக்கா?

இதுல இன்னொரு சங்கடம். இந்த வண்டி வெள்ளோட்டம்தான். ஜனங்க ஏறுறாங்களா, சார்ஜ் தாங்குதான்னு பாத்துட்டுத்தான் நிரந்தரமா விடுவாங்க. சரிப்படலைன்னா வண்டியைச் சென்னைக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கண்டக்டர் தனம் சர்க்கார் ஆளு, அந்தம்மாவுக்கு வேற பஸ் கிடைக்கும். நான் வண்டியை விட்ட கம்பெனியோட ஆளு. வண்டி போற ஊருக்கு நானும் போகணும், இல்லைன்னா வேலையை விட்டுட்டு வூட்ல உக்காரணும். என் வூடு திருக்கழுக்குன்றத்துல. பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது. சம்சாரத்துக்கு அங்கேயே அங்கன்வாடியில வேலை. அதனால தினம் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறப்பவே இன்னிக்கு எத்தனை பேரு ஏறுவாங்கன்னு எண்ண ஆரம்பிச்சுடுவேன். முதுகுக்குப் பின்னாடி நாலு பேரு நின்னு வேடிக்கை பாக்க வேலை செய்யற பாவப்பட்ட ஜென்மங்க யாராச்சும் இருந்தா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. உங்களுக்குத்தான் புரியும்.

கற்பூரம்

முதல் நாள் செங்கல்பட்டு ஸ்டாண்டுல வண்டியைக் கொண்டாந்து நிறுத்துறேன், இருபது பேரு கேமராவும் கையுமா நிக்கிறாங்க. யாரோ மந்திரி வர்றாருன்னு நினைச்சு நான் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டேன். மந்திரியும் இல்ல, மண்ணும் இல்ல. எல்லாரும் பஸ்ஸைப் பாக்க வந்தவங்க. அதுல தலைவன் மாதிரி இருந்தவன் பேரு கார்த்திக், சிறுசேரி பக்கம் ஐ.டி. ஆபீஸ்ல வேலை. முகப்புக்கு ரோஜா மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பூசணிக்காய் ஒண்ணு, எல்லாம் அவன் செலவுல. சொந்தக் கார் வாங்கினவன்கூட அப்படி உருகி நான் பாத்ததில்ல. எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

பெருமையில நான் இந்தப் பக்கம் நிக்க, அவங்க அந்தப் பக்கம் போயி, "வண்டிக்கு உயிரே இங்கதான்டா கீது"ன்னு சொல்லி, சார்ஜ் ஏத்துற மூடியைத் திறந்து வச்சு, அதுக்கு நேர் கீழ ஒரு தட்டு நிறையக் கற்பூரத்தைக் கொளுத்திட்டாங்க. தீ குப்புன்னு ஏறுது. பேட்டரி வண்டியில நெருப்பு பட்டா என்ன ஆகும்னு ட்ரெயினிங்ல ஒரு நாள் முழுக்க பயமுறுத்தி அனுப்பியிருந்தாங்க. தனம்தான் பாஞ்சு போயி, தட்டைக் காலால தள்ளி, தண்ணி பாட்டிலைக் கவுத்து அணைச்சுது. அணைச்சுட்டு இடுப்புல கை வச்சுக்கிட்டு சொன்னது இது: "சாமி கும்பிடுங்கப்பா, நான் வேணாங்கல. அதுக்குன்னு எங்க எல்லாரையும் சாமிகிட்டயே அனுப்பிடாதீங்க!"

முன்னால போன பைக்கு

டீசல் வண்டியில நம்ம வர்றது நாலு தெரு முன்னாடியே கேட்கும். இது பூனை மாதிரி வரும். மாடு நகராது, நாய் எழுந்திருக்காது, போன்ல பேசிக்கிட்டு ரோட்டைத் தாண்டுறவன் திரும்பக்கூட மாட்டான். ஹாரன் அடிச்சு அடிச்சு என் கட்டைவிரலு தேஞ்சு போச்சு. இதுல பக்கத்துல வந்து வீடியோ எடுக்கிறது, பின்னால வந்து எடுக்கிறது எல்லாம் கார்த்திக் கூட்டத்துக்குப் பத்தலை. முன்னாலேர்ந்து எடுத்தாத்தான் வண்டி முகம் நல்லா விழுமாம்.

ஒரு நாள் பூஞ்சேரி தாண்டிப் போறேன். எனக்கு முன்னால ஒரு பைக்கு. ஓட்டுறவன் கார்த்திக்கோட ஃப்ரெண்டு. பின் சீட்டுல கார்த்திக், என்னைப் பாக்க திரும்பி உக்காந்துக்கிட்டு, ரெண்டு கையிலயும் கேமரா, பிடிமானம் எதுவும் இல்ல. நான் விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டுறேன். அவனுக்கு அது குஷி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறான். ஓட்டுறவனாச்சும் ரோட்டைப் பாக்கணுமே, அவனும் கண்ணாடி வழியா என் பஸ்ஸைத்தான் பாத்துக்கிட்டு வர்றான். வளைவுல ரெண்டு எருமை நடு ரோட்டுல. அவன் பிரேக் அடிச்சான், பைக்கு வழுக்கிச்சு, கார்த்திக் என் சக்கரத்துக்கு நேரா உருண்டான். நான் எழுந்து நின்னு பிரேக்கை மிதிச்சேன். உள்ள ஜனங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து அலறுறாங்க.

இறங்கிப் பாத்தா, பம்பருக்கும் அவன் தலைக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கும். உயிரோட இருக்கான், முட்டியில சிராய்ப்பு மட்டும். எனக்கு அழுகையா கோபமான்னு தெரியலை, அடிக்கத்தான் கையைத் தூக்கினேன். அதுக்குள்ள அவன் மூச்சு வாங்கிக்கிட்டே சொல்றான்: "அண்ணா, செம பிரேக்குண்ணா! கேமரா கீழ விழுந்து ஆஃப் ஆயிடுச்சு, இன்னொரு வாட்டி அதே மாதிரி வர முடியுமா?"

சார்ஜ் கமென்ட்ரி

இவங்க இளவட்டம், விடுங்க. மூர்த்தி சாரு இருக்காரே, அவரு அணுபுரம் குவார்ட்டர்ஸ்ல இருக்கற பெரிய இன்ஜினியரு, தென்காசிக்காரரு, தலை நரைச்ச மனுஷன். லீவு நாளு முழுக்க நம்ம பஸ்லதான். என் தோளுக்குப் பின்னால இருக்கற முதல் சீட்டு அவருது. அங்கேர்ந்து எட்டிப் பாத்தா சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு தெரியும். நான் இறக்கத்துல பெடல்லேர்ந்து காலை எடுத்தா வண்டி தானே வேகம் குறைஞ்சு கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும். உடனே மனுஷன் கை தட்டுவாரு. ஏத்தத்துல குறைஞ்சா உச்சு கொட்டுவாரு. மருமக சமைக்கும்போது மாமியார் பின்னால நின்ன மாதிரி இருக்கும் எனக்கு.

ஒரு நாள் செங்கல்பட்டுல சார்ஜ் போடற எடத்துல கரண்டு இல்ல. இருக்கறதை வச்சு மாமல்லபுரம் போயிடலாம்னு கணக்குப் பண்ணி எடுத்துட்டேன். வழியில வண்டி படுத்துச்சுன்னா வெள்ளோட்டம் அதோட முடிஞ்சுது, எனக்குத் தெரியும். மூர்த்தி சாரு சும்மா வந்தாரா? "பதினெட்டு... பதினேழு... தம்பி, மெதுவா, மெதுவா... ஐயய்யோ பதினாறு"ன்னு பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி சொல்லிக்கிட்டு வர்றாரு. "ஏசியை நிறுத்திடலாமா சார்"னு கேட்டா, "ஏசியை நிறுத்தி ஓட்டினா அது வண்டியோட உண்மையான திறமை ஆகாது தம்பி"ங்கறாரு. திருக்கழுக்குன்றத்துல ஒரு குடும்பமே பயந்து இறங்கிப் போயிடுச்சு. நான் ஏசியை அணைச்சேன். அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து மாமல்லபுரம் போயி சேர்ந்து, சார்ஜரை மாட்டினப்பறம்தான் எனக்கு எச்சிலே ஊறிச்சு. பூக்கூடையோட தினம் வர்ற அஞ்சலையம்மா இறங்கும்போது மூர்த்தி சாரை மேலயும் கீழயும் பாத்துட்டுக் கேட்டுச்சு: "இன்னா சாரு, பஸ்ஸு இன்னா ஆஸ்பத்திரியிலயா படுத்துகினு கீது? இப்டி நாடி புடிச்சிகினு வர்ற!"

அதிகாரி வந்த சனிக்கிழமை

பஸ்ஸை இங்க வைக்கிறதா, தூக்குறதான்னு முடிவு பண்ண ஒரு அதிகாரி சனிக்கிழமை வர்றாருன்னு டிப்போல சொன்னாங்க. எனக்குச் சொல்றதுக்கு முந்தின நாளே கார்த்திக்கோட வாட்ஸ்அப் குரூப்புக்குத் தெரிஞ்சிருக்கு. அது எப்படின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கலை. கூட்டம் இல்லைன்னு வண்டியைத் தூக்கிடக் கூடாதுன்னு அவங்களா ஒரு முடிவு பண்ணியிருக்காங்க. செங்கல்பட்டுல கதவைத் திறந்ததும் தபதபன்னு ஏறினாங்க பாருங்க, ஒரு சீட்டு பாக்கி இல்ல, நடுவுல நிக்கிற எடமும் ரொம்பிடுச்சு. எல்லாம் ரசிகர் பட்டாளம், தாம்பரத்துலேர்ந்து, பெரம்பூர்லேர்ந்துகூட வந்திருக்காங்க. அத்தனை பேருக்கும் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் டிக்கெட். அதிகாரி ஏறினாரு, ஒல்லியான மனுஷன், சிரிப்பே இல்ல. மூர்த்தி சார் எழுந்து சீட்டு குடுத்தாரு, அவரு வேணாம்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

வழியில ஒவ்வொரு ஸ்டாப்லயும் நம்ம ஜனங்க கை காட்டுறாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஊருக்குப் போறவங்க, புள்ளையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறவங்க. நான் நிறுத்துறேன், கதவைத் திறக்கிறேன், உள்ள வர எடமில்ல. எட்டிப் பாத்துட்டு, "இது நமக்கு இல்ல போல"ன்னு ஒதுங்கிப் போறாங்க. அதிகாரி அவங்களையும் பாக்கறாரு, என்னையும் பாக்கறாரு.

திருக்கழுக்குன்றத்துல அஞ்சலையம்மா விடலை. கூடையோட படியில ஏறி நின்னுடுச்சு. அதுக்குப் பின்னால நாலு பேரு. இந்த வண்டியில கதவு முழுசா மூடினாத்தான் சக்கரம் நகரும், அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. கதவு மூட வருது, கூடையில இடிச்சுத் திரும்பிப் போகுது. மறுபடி வருது, மறுபடி போகுது. பின்னால வண்டிங்க ஹாரன் அடிக்குது. தனம் கத்துது, "உள்ள போங்கப்பா!" ஒருத்தனும் அசையலை. கார்த்திக் என் காதுல வந்து, "அண்ணா, பயப்படாதீங்க, ஃபுல் லோடு, சூப்பரா போவுது"ங்கறான்.

எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ தெரியலை. சீட்டை விட்டு எழுந்து திரும்பிக் கத்தினேன். "ஏம்பா, இந்த பஸ்ஸை நீங்க இவ்ளோ நேசிக்கிறீங்களே, இதுல யாரு போகணும்னு ஒரு தபா யோசிச்சீங்களா? இவங்க ஏறலைன்னா இந்த வண்டி இங்க எதுக்கு? இது போச்சுன்னா உங்களுக்கு ஒரு வீடியோ போச்சு. எனக்கு வூடே போச்சுப்பா! இறங்குங்க எல்லாரும்!" அதிகாரி இருக்காருன்னுகூட நினைப்பு இல்ல.

முதல்ல நகர்ந்தது கார்த்திக். அஞ்சலையம்மா கூடையை வாங்கி உள்ள வச்சுட்டு இறங்கினான். அவன் பின்னாலயே எல்லாரும் இறங்கினாங்க, மூர்த்தி சாரும். வெயில்ல வரிசையா நின்னவங்க மூஞ்சியைப் பாக்க எனக்கே சங்கடமாப் போச்சு. ஸ்டாப்ல நின்ன ஜனம் ஏறிச்சு. கதவு மூடிச்சு.

மாமல்லபுரம் போற வரைக்கும் நான் கண்ணாடியைப் பாக்கவே இல்ல. பின்னால அதிகாரி அஞ்சலையம்மாகிட்ட, "பஸ் எப்படிம்மா இருக்கு?"ன்னு கேக்கறது மட்டும் காதுல விழுந்துச்சு. "சத்தமே வர்றதில்ல சாரு. வூட்டுக்குத் திரும்பி வரச்சொல்ல அசந்து தூங்கி ரெண்டு வாட்டி என் ஸ்டாப்பை வுட்டுட்டேன். வேற ஒரு கொறையும் இல்ல"ன்னுச்சு அது. கடைசி ஸ்டாப்ல எல்லாரும் இறங்கினப்பறம் அதிகாரி என் பக்கத்துல வந்து நின்னாரு. நான் கத்தினதுக்கு மன்னிப்பு கேக்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திட்டுச் சொன்னாரு: "ஏறின கூட்டம் ஒரு ஸ்டாப்புலயும் இறங்கலைன்னா அது பயணம் இல்லைங்க, படையெடுப்பு. திருக்கழுக்குன்றத்துக்கு அப்புறம் நான் பாத்ததுதான் பஸ். வண்டி இங்கேயே ஓடட்டும், நீங்களும் இருங்க."

பின்னால வந்த டீசல் வண்டி

அவரு போனதும் பஸ் படியிலயே உக்காந்து அழுதுட்டேன். தனம் டீ வாங்கியாந்து குடுத்துச்சு. சம்சாரத்துக்கு போன் பண்ணிச் சொன்னேன். அப்ப பழைய டீசல் பஸ் ஒண்ணு புகையைக் கக்கிக்கிட்டு வந்து நின்னுச்சு. உள்ளேர்ந்து ரசிகருங்க ஒவ்வொருத்தரா இறங்குறாங்க, தலையெல்லாம் தூசி. கார்த்திக் தள்ளியே நின்னான். கிட்ட வர பயம். நானே கூப்பிட்டு, "வண்டி இங்கேயே ஓடும்டா"ன்னு சொன்னேன்.

அவன் கண்ணு கலங்கிடுச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டு, மூர்த்தி சாருக்குக் கேக்காத மாதிரி என் காதுகிட்ட வந்து சொன்னான்: "அண்ணா, ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் டீசல் பஸ்ல வந்தேன். ஜன்னலைத் திறந்துவுட்டு, பாட்டைப் போட்டுகினு, நல்லாத்தான்ணா இருந்துச்சு. குரூப்புல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

அன்னிக்கு டீசல் வண்டியில புகையைத் தின்னோம், இன்னிக்குக் கரண்டு வண்டியில பாசத்தைத் தின்னுக்கிட்டு இருக்கோம், ரெண்டுல எது உடம்புக்குக் கெடுதல்னு எந்த டாக்டரும் இன்னும் சொல்லலை.