பரணில் காய்ந்த நூலகம்

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் என்று படிக்காதவர்களைச் சொல்வார்கள். ஏற்காட்டில் அந்த வசவு எடுபடாது. அங்கே மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால் ஒதுங்குவதற்கு ஒண்டிக்கடை முக்கில் இருந்த நூலகத்துத் தாழ்வாரத்தை விட்டால் வேறு நல்ல இடமும் கிடையாது. ஒதுங்கியவர் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பார்? உள்ளே எட்டிப் பார்ப்பார், பெஞ்சில் இடமிருந்தால் உட்காருவார், கைக்கு எட்டிய பேப்பரை எடுப்பார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கும் பழக்கம் வந்தது இப்படித்தான்.

நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கம். நூலகத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கள் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. அத்தா மளிகை விற்பார், மலைக்காரர்களிடம் மிளகும் காப்பியும் வாங்கிச் சேலத்துக்கு அனுப்புவார். நூலகம் ஒரு வாடகை ஓட்டு வீடு. முன் அறையில் பேப்பர், பின் அறையில் புத்தகம். காலையில் முதல் பஸ்ஸில் பேப்பர்க்கட்டு வந்து இறங்கியதும் பெஞ்சுகள் நிறைந்துவிடும். எஸ்டேட் ரைட்டர்கள் காப்பி விலை பார்ப்பார்கள். வேலை தேடுகிறவர்கள் விளம்பரப் பக்கத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வதால், முதல் பக்கத்துச் செய்தியின் மீதி யார் கையில் இருக்கிறது என்று தேடுவதே தனி வேலை. வெள்ளக்கடை கிராமத்துக்காரர் ஒருவர் பஸ் ஹாரன் கேட்டதும் பாதிச் செய்தியோடு ஓடுவார். மறுநாள் வந்து, "ஏனுங்க, நேத்து அந்த கேஸு என்ன ஆச்சுங்க?" என்று ஆரம்பிப்பார்.

அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் வரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, பலகை எதுவும் மாட்டவில்லை. ஆனால் புத்தக அறைக்குப் போக வேண்டுமென்றால், எதிரெதிர் பெஞ்சுகளில் நீட்டிக்கொண்டிருக்கும் முழங்கால்களுக்கு நடுவே நுழைந்துதான் போக வேண்டும். அந்த முழங்கால்களே போதும், பலகை எதற்கு? அதனால் ஊரிலேயே அதிகம் படிக்கிற ஆளான என் அம்மா நூலகத்துக்குள் காலடி வைத்ததே கிடையாது. உறுப்பினர் அட்டை அத்தாவின் பெயரில் இருந்தது. அத்தா எந்தப் புத்தகத்தையும் பிரித்து நான் பார்த்ததில்லை. போய் எடுத்து வருவது என் வேலை.

"தடியா பாத்து எடுத்துட்டு வா கண்ணு. மெல்லிசுன்னா சீக்கிரம் முடிஞ்சுருது" என்பாள் அம்மா. நானும் தடிமனை மட்டும் பார்த்து எடுத்து வருவேன். ஒருமுறை கோழி வளர்ப்பு. இன்னொரு முறை தென்னை நோய்கள். ஏற்காட்டில் தென்னைக்கு எங்கே போவது? அம்மா என்னைத் திட்டிக்கொண்டே அதையும் கடைசிப் பக்கம்வரை படித்தாள். பகல் சோறு முடிந்து, அத்தா கல்லாவில் கண்ணயரும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கென்று இருந்தது. அப்போது யாராவது கூப்பிட்டால் அவள் "என்ன?" என்று கேட்பதே பயமாக இருக்கும். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அதை ஒளிக்கவும் இல்லை. "ஒரு நாளாவது அந்த அலமாரி முன்னாடி நின்னு, நானா பாத்து ஒண்ணு எடுக்கோணும்" என்பாள். எனக்கும் தாவணி போடும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் யார் போய் எடுத்து வருவது என்ற கவலையும் அவளுக்கு இருந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு நூலகர் மலையிறங்கித் தன் ஊருக்குப் போயிருந்தார். சமவெளிக்காரர். எங்கள் குளிர் அவருக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, சித்திரை மாதத்திலும் மஃப்ளர் கட்டியிருப்பார். அவர் போன அன்று பிடித்த மழை விடவேயில்லை. திரும்பி வந்து அவர் கதவைத் திறந்தபோது, அம்மா படித்து முடித்த புத்தகத்தோடு நான் அவர் பின்னால் நின்றிருந்தேன். பின் அறையில் ஓடு சரிந்து, சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறி உப்பி, இழுத்தாலும் வராமல் இறுகிக் கிடந்தன. மேல்தட்டுகளில் பூசணம் பூத்திருந்தது. அவர் மஃப்ளரை அவிழ்த்து, அதாலேயே ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.

சேலத்திலிருந்து அதிகாரி வந்து பார்த்தார். பேப்பர் படிப்பவர்கள் எல்லோரும் கேட்கும்படியாகவே சொன்னார்: "மழை விட்டதும் மறுபடி வர்றேன். கெட்டுப்போனதக் கழிச்சுட்டு, மிச்சத்த சேலத்துக்கு ஏத்திரலாம். இந்த ஊரு ஈரத்துக்கு லைப்ரரி தாங்காதுங்க." அவர் போனதும் ஆண்கள் மனு எழுதுவது என்று முடிவு செய்தார்கள். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் பேச்சு நின்றது. எஸ்டேட்காரர்கள் முதலிலா, கடைக்காரர்கள் முதலிலா? அன்று மாலைவரை அது தீரவில்லை.

நான் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் அப்படி வாடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நேரம் மஞ்சக்குட்டை மலைக் கிராமத்துப் பெண் ஒருவர் உப்பு வாங்க வந்திருந்தார். எங்களுக்கு மிளகு கொடுக்கும் குடும்பம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, இந்த மழையில உங்க ஊட்டுல சாமை, தெனையெல்லாம் எப்படிக் காயுது?"

"அடுப்புக்கு மேல பரண்ல போட்டுருவோமுங்க. புகை பட்டா ஈரமும் நிக்காது, பூச்சியும் அண்டாது."

"புத்தகம் போட்டா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். "தெனைக்கு ஆகறது புத்தகத்துக்கு ஆகாதுங்களா? குடுத்து உடுங்க."

வெயிலே இல்லாத மாதத்தில், நாள் முழுக்க அடுப்பெரியும் மலை வீடுகளைவிட நல்ல காயப்போடும் இடம் எங்கே இருக்கிறது? அம்மா அத்தாவை அனுப்பினாள். நூலகர் முதலில் நடுங்கிப்போனார். "அரசாங்கச் சொத்துங்க பாய். ஒண்ணு கொறைஞ்சாலும் நான் பதில் சொல்லோணும்" என்றார். அத்தா, "நான் பொறுப்புங்க" என்றார். வியாபாரத்தில் அத்தா அந்த வார்த்தையைச் சுலபமாக விடமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். நூலகர் பின் அறைக் கதவை விரியத் திறந்துவிட்டார்.

உரச் சாக்குகளைக் கழுவித் துடைத்து, புத்தகங்களை அதில் கட்டி, மலைக்காரர்கள் பஸ்ஸிலும் ஜீப்பிலும் மடியில் வைத்தே கொண்டுபோனார்கள். எங்கள் பரணுக்கும் ஒரு பங்கு வந்தது. அம்மா தினமும் அவற்றை இறக்கி, ஒட்டிக்கொண்ட பக்கங்களை அப்பளம் புரட்டுவது போலப் பதமாகப் பிரித்து வைப்பாள். புரட்டும்போதே படிப்பாள். குழம்பு அடிபிடித்தது. நான் எடுத்து வராத எத்தனையோ கதைகள் அதில் இருந்தன. "இத்தன நாளா இதெல்லாம் உன்ற கண்ணுல படலையா?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மஞ்சக்குட்டையிலும் சும்மா இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளைகள் வாசிக்க, எழுத்தறியாத பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கதை முடியும்வரை புத்தகம் காயவில்லை என்றே சாதித்திருக்கிறார்கள்.

மழை விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் பெண்கள் கூடையோடு புத்தகக் கட்டுகளையும் தலையில் வைத்து வந்து இறங்கினார்கள். பரண் அவர்கள் பொறுப்பு, எது காய்ந்தது எது காயவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். வரிசையாக அவர்கள் நூலகத்துக்குள் நுழைந்தபோது முழங்கால்கள் தாமாகவே மடங்கின. பெஞ்சுகள் கட்டு இறக்கத் தேவைப்பட்டதால் ஆண்கள் பேப்பரோடு தாழ்வாரத்துக்குப் போனார்கள். சந்தை நாளில் அத்தாவால் கடையை விட்டு நகர முடியாது. எங்கள் புத்தகக் கட்டை அம்மாவே தூக்கிக்கொண்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பிஸ்மி சொல்லி வாசற்படி ஏறினாள்.

உள்ளே நூலகர் தலையில் கை வைத்து நின்றிருந்தார். சந்தைக்கு ஆரஞ்சும் பேரிக்காயும் தரம் பிரித்துக் கொண்டுவருகிற கைகள் புத்தகத்தையும் அப்படியே பிரித்திருந்தன. "பெருசு, நடுத்தரம், பொடிசுன்னு சுத்தமா கட்டியிருக்குதுங்க சார்" என்றார் அந்த மஞ்சக்குட்டைப் பெண், நொம்பப் பெருமையாக. கதையும் கணக்கும் வைத்தியமும் சமையலும் ஒரே உயரம் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றாகக் கட்டப்பட்டுக் கிடந்தன. மறுநாள் அதிகாரி வருகிறார். நூலகர் ஒரு நிமிஷம் விழித்தார், அப்புறம் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுத்துத் தெரிந்த பெண்கள் புத்தக முதுகில் இருந்த எண்ணைப் படித்துச் சொல்ல, தெரியாதவர்கள் எடுத்துக் கொடுக்க, பொழுது சாய்வதற்குள் அலமாரிகள் நிறைந்தன. அம்மா படித்துச் சொன்ன குரலில் கடையில் கேட்காத ஒரு கணீர் இருந்தது.

அதிகாரி வந்தார். ஒரு புத்தகத்தைப் பிரித்து முகர்ந்தார். "என்னங்க, ஒரே புகை வாசம்?"

"மலைங்க சார். இங்க எல்லாத்துலயும் அந்த வாசந்தான்" என்றார் நூலகர்.

கூழாகிப்போன சிலவற்றைத் தவிர எல்லாம் பிழைத்தன. ஓடுகளை மாற்றித் தருவதாக வீட்டுக்காரரும் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டார். நூலகம் எங்களோடேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம் நான் கல்லூரிக்குப் போனதும், இப்படி எழுதப் பழகியதும் அந்தப் பின் அறையால்தான். நன்றி என்று சொல்ல வேண்டுமானால் நான் அந்த அடுப்புகளுக்குத்தான் முதலில் சொல்வேன். அட்டை பழுத்துப் புகையேறிய அந்தப் புத்தகங்களை வெகுகாலம் எல்லோரும் பிரித்ததும் முகர்ந்து பார்ப்பார்கள்.

சில நாள் கழித்து, காலையில் சமையலை முடித்த அம்மா, "லைப்ரரிக்குப் போயிட்டு வர்றேன்" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். என்னைக் கூப்பிடவில்லை. கேட்டுவிட்டுப் போகவும் இல்லை. பகல் சோற்று நேரம் ஆயிற்று, அவள் வரவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. அத்தா கடையைச் சாத்திவிட்டுக் குடையோடு கிளம்பினார். கோபமாக இருக்கிறாரோ என்று பயந்து நானும் பின்னாலேயே போனேன். பசி நேரத்தில் அவர் முன்னால் யாரும் நிற்க மாட்டோம்.

நூலகத்தில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. நூலகர் மதிய இடைவேளைக்குப் பூட்டோடு வாசலில் நின்றிருந்தார். உள்ளே, அலமாரிக்குப் பக்கத்து ஜன்னலோரம், அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புத்தகம். மெல்லிய புத்தகம்தான். நாங்கள் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"மூடற நேரம் ஆயிப்போச்சுங்க பாய். கூப்பிடட்டுங்களா?" என்றார் நூலகர், குரலைத் தாழ்த்தி.

அத்தா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேண்டாமுங்க" என்றார். "படிக்கட்டும்."

குடையை மடக்கி வைத்துவிட்டு அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நூலகரும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.