காற்றுக்குத் தைத்த பனியன்

முருகன் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் அப்போது தையல் வேலைக்குப் பஞ்சமில்லை. முன்னறையில் ஓவர்லாக் மிசின்கள் காலையில் எடுத்த இரைச்சலை இருட்டிய பிறகுதான் விடும். அதற்குப் பக்கத்து அறையில்தான் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பட்டாளத்தில் முழங்காலில் அடிபட்டு வந்து படுத்திருந்தார். இந்தச் சத்தத்தில் எப்படித்தான் தூங்குகிறாரோ என்று எனக்கு ஆச்சரியம்.

காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபி அம்மா வருவார். நாங்கள் டாக்டரம்மா என்போம். “இப்ப மடங்கலைன்னா அப்புறம் மடங்கவே மடங்காதுங்க” என்று அவர் சொன்ன அன்றே, தம்பி தன் காலாலேயே படியேறி வரவேண்டும் என்று அம்மா சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள்.

ஒருநாள் கால் பாதி மடங்கியிருக்கும்போது கரண்டு போனது. மிசின்கள் நின்று தெருவே அடங்கிவிட்டது. மாமா டாக்டரம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “யாரும் அசையாதீங்க” என்றார். முகமெல்லாம் வேர்வை. ஏதோ விளையாட்டு என்று நானும் சிலை மாதிரி நின்றேன். டாக்டரம்மா கையை உருவவில்லை.

“இது உங்க அக்கா ஊடுங்க. கரண்டுதான் போயிருக்குதுங்க. மூச்சை மெதுவா விடுங்க.”

மாமா மூச்சு விட்டார். கால்தான் கட்டையாக விறைத்துவிட்டது. போகும்போது டாக்டரம்மா அம்மாவிடம் வாசலில் நின்று தணிந்த குரலில் பேசினார். எல்லையில் சத்தம் அடங்கினால் அடுத்தது குண்டு விழும் என்று மாமாவின் உடம்பில் பதிந்துபோயிருந்ததாம். இது நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது.

அடுத்த முறை கரண்டு போனதும் அம்மா ஓடிப்போய், மூலையில் கிடந்த பழைய கால் மிசினில் உட்கார்ந்து மிதித்தாள். நூலுமில்லை, துணியுமில்லை.

“ஏனம்மிணி, காத்துக்கா பனியன் தைக்கறே?” என்றார் அப்பா.

“உங்களுக்குத்தானுங்க. துவைக்கற வேலை மிச்சம்” என்றாள் அம்மா, காலை நிறுத்தாமல்.

அந்தக் கடகடப்போடு கூடவே டாக்டரம்மா மாமாவின் காலை மடக்கினார், நீட்டினார்.

தைப்பூசக் கூட்டம் கலைந்த பிறகு மலைக்குப் போனோம். மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மத்தியான நேரம், ஒரு இலை அசையவில்லை. அம்மா மட்டும் வாயே மூடவில்லை. ரசத்தில் உப்பு கூடிப்போனது, பக்கத்து வீட்டு ஆடு பாவாடையைத் தின்றது. சாமியைப் பார்க்கப் போகும் வழியில் இதென்ன பேச்சு என்று எனக்குக் கோபம்.

“முருகா முருகான்னு கம்முனு வாம்மா” என்றேன்.

அம்மா நிறுத்தினாள். மாமாவும் படியிலேயே நின்றுவிட்டார். கை சுவரை இறுக்கியது.

“பேசுக்கா” என்றார்.

அம்மா மறுபடியும் உப்பிலிருந்து தொடங்கினாள்.

இரண்டு பேருக்கும் பக்தி போதாது என்று, சன்னதியில் அவர்களுக்காக நான்தான் முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.