லேப்டாப்புக்குப் பூசிய சந்தனம்

சரஸ்வதி பூசையன்று எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் சந்தனத்துக்குத் தப்ப முடியாது. தையல் மெஷின், என் மோட்டார் சைக்கிள், அம்மாவின் அரிவாள்மனை என்று எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம் அக்காவின் லேப்டாப்பும் அந்த வரிசையில் வந்து உட்கார்ந்தது. யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற பழசுதான். இருந்தாலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வரிசைக்கே அதுதான் முதல் லேப்டாப். அக்கா அதற்குத் தன் கையாலேயே நாலு பக்கமும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டினாள். மணப்பெண்ணுக்குக்கூட அவ்வளவு அலங்காரம் செய்யமாட்டார்கள் என்று நான் கேலி செய்தேன்.

அவள் சுங்கை வேயில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு, ஸ்ரீ கெம்பாங்கானில் சமையலறை அலமாரி செய்யும் சீன முதலாளி ஒருவருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுக்கத் தொடங்கியிருந்தாள். மரத்தை அறுப்பதற்கு முன்பே அலமாரி எப்படி இருக்கும் என்று நிழலும் வெளிச்சமுமாகக் காட்டுகிற படம். முதலாளி இப்போது ஒரு புது வீட்டு வரிசைக்கு மொத்தமாகப் படம் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை கைக்கு வந்துவிட்டால் இனி எல்லா வேலையும் அக்காவுக்குத்தான். வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

தொழிற்சாலை சூப்பர்வைசர், நம்ம ஆள்தான், அவளுடைய இடத்தைச் சனிக்கிழமை வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அவள் திரும்பிப் போகவேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. அதற்காகவே தொழிற்சாலைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்திருந்தார். அறைக்குள் போகும்போதெல்லாம் அது அக்காவின் கண்ணில் படும்.

பூசை முடிந்த மறுநாளே லேப்டாப் மக்கர் செய்தது. திறந்ததும் நன்றாக ஓடும். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் நடக்கவே முடியாத கிழம் ஆகிவிடும். ஒரு கோடு போட்டால் அது திரையில் வர யுகம் ஆனது. நான் பத்திரிகையில் படித்த அறிவை வைத்து வைரஸ் என்றேன். கடைக்காரர் ஒருவர், பழைய மெஷின் லா, புதுசு வாங்கிடுங்க என்றார். அம்மா சட்டையை இன்னொரு முறை உதறி மாட்டினார்.

அக்கா என் பேச்சையும் கடைக்காரர் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் வேலை பார்த்த வங்கிக்கே வந்துவிட்டாள். வாடிக்கையாளர் பெஞ்சில் ஏர்கான் காற்றுக்கு நேராக உட்கார்ந்து, காவலாளியிடம் கெஞ்சி சுவரில் பிளக்கைச் செருகி, வீட்டில் திணறிய அதே படத்தை ஓடவிட்டாள். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் படம் திணறாமல் வந்தது.

"இதுக்குச் சீக்கு ஒண்ணும் இல்லடா. சூடு தாங்க முடியாம அதுவே வேகத்தைக் குறைச்சிக்குது. நம்ம வீட்டு வெக்கையில அதுக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

வீட்டுக்கு வந்து அடிப்பக்கத்தைத் திருப்புளியால் கழற்றினாள். காற்று போகிற சின்னச் சின்ன ஓட்டைகளில் சந்தனம் காய்ந்து சிமெண்டு பூசியது போல அடைத்திருந்தது. உள்ளே இருந்த குட்டி விசிறியின் இறக்கையெல்லாம் குங்குமம். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பல் துலக்கும் பிரஷால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தாள். சூட்டை வெளியே கடத்தும் உலோகத் தகட்டுக்கும் பிராசசருக்கும் நடுவில் இருந்த பசையும் உலர்ந்து பொடியாகியிருந்தது. ஆம்பிளிபயர் ரிப்பேர் கடையில் அதே மாதிரி வெள்ளைப் பசை கிடைக்கும் என்று என்னை விரட்டினாள்.

வாங்கி வந்தபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள், கையில் கத்தரிக்கோல். தொழிற்சாலைச் சட்டையின் ஒரு கை ஏற்கெனவே தரையில் கிடந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மெஷின் ஓடுமா என்றே அப்போது யாருக்கும் தெரியாது.

"பழைய பசையைத் துடைக்கணும். தூசி படாம வேலை செய்யறதுக்குன்னே தைச்ச சட்டை இது. நூல் உதிராத துணி இந்த வீட்ல வேற எங்க இருக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்த கையையும் வெட்டினாள். அந்தத் துணிச்சல் எனக்கு வரவே வராது. அவளை நினைத்து அன்று பட்ட பெருமை இன்றும் குறையவில்லை.

துடைத்து, புதுப் பசையை மெல்லத் தடவி மூடினாள். பிரம்பில் பின்னிய இடியாப்பத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அடியில் காற்றுப் போகும்படி அதன்மேல் லேப்டாப்பை வைத்து, பக்கத்தில் மேசை விசிறியைத் திருப்பினாள். நடுமத்தியானம், தகரக் கூரை கொதிக்கிறது, மெஷின் மட்டும் சோர்ந்து போகாமல் ஓடியது. அந்த வாரம் எங்கள் வீட்டில் இடியாப்பம் கிடையாது. வெள்ளிக்கிழமை அவள் படங்களோடு பஸ் ஏறிப் போனாள். முதலாளி அடுத்த வரிசையின் அளவுகளைக் கையோடு கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் போன் செய்தார். அக்கா விசிறிக்கு முன்னால் வேலையில் இருந்தாள், மணி அடித்ததே அவளுக்குக் கேட்கவில்லை. அம்மாதான் எடுத்தார். சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்டுவிட்டு, கை இல்லாத அந்தச் சட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ வரமாட்டா. சட்டையை வெட்டிட்டா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப கூப்பிட முடியாது, வேலையா இருக்கா" என்று சொல்லி போனை வைத்தார்.