மூன்று அடுப்பு

குடிசனக் கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தர் வாசலில் நின்றபடியே எங்களை ஒரே குடும்பமாக எழுதிவிட்டார். புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், லயத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பிரா, எட்டுப் பேர்: மாமனார், மாமியார், கொழுந்தன், அவர் மனைவி, அவர்கள் மகன், என் கணவர், நான், எங்கள் மகள். வந்தவர் சிங்களவர், தமிழும் பேசுவார். தலைகளை எண்ணிவிட்டு, “இப்படிப் பெத்துக்கிட்டே போனா எடம் எப்படிப் பத்தும்?” என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டுப் பேரில் பிள்ளைகள் இரண்டே இரண்டு. நெருக்கடி நாங்கள் பெற்றதால் வந்ததல்ல; வெள்ளைக்காரன் கட்டியதோடு இன்னொரு காம்பிரா சேராததால் வந்தது. எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணம் முடிந்தால் வீடு கிடைக்காது, தனி அடுப்புதான் கிடைக்கும். மாமியாரின் அடுப்பு உள்ளே, கொழுந்தனுடையது முன்திண்ணை இஸ்தோப்பு மூலையில், எங்களுடையது பின்னால் தகரத்துக்குக் கீழே. வீட்டுக்காணி கொடுக்கும்போது இந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள் என்று தோட்டத்தில் பேச்சு. ஒரு குடும்பம் என்று எழுதினால் ஒரு துண்டுதான்.

“சும்மா இரு புள்ள, மாத்தயாவ கோவிக்க வச்சிராத” என்று மாமியார் கையைப் பிடித்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மாத்தயா” என்று ஸ்டூலைப் போட்டேன். கொழுந்தன் மனைவிக்குக் கண்ணைக் காட்டினேன். மூன்று அடுப்பையும் ஒரே நேரத்தில் மூட்டினோம். ஈர விறகு, ஒரே புகை. உத்தியோகத்தர் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் மூன்று கோப்பைகள் அவர் முன்னால் இருந்தன.

“ஒவ்வொன்னும் ஒவ்வொரு குடும்பத்துத் தேத்தண்ணி. மூனையும் குடிக்கணும்.”

இரண்டாவது கோப்பையிலேயே திருத்தி எழுத ஆரம்பித்தார். எங்கள் முறை வந்தது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒன்று என்றேன். “ஒன்னுதானா?” என்று நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டாவது வேணும்னு எனக்கு ஆசதான். நடுவுல ஒரு சேலதான் மாத்தயா கட்டியிருக்கு. அந்தப் பக்கம் மாமா இருமுறாரு. எப்படிப் பெத்துக்கிறது?”

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வெட்கமே வரவில்லை. உத்தியோகத்தர் மூன்றாவது கோப்பையையும் குடித்துவிட்டுப் போனார்.

காணி இன்னும் வரவில்லை. இடம் வரட்டும் என்று காத்திருந்தே மகளுக்கு ஆறு வயதாகிவிட்டது. இனிமேல் காத்திருப்பதில்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அடுத்த முறை வருபவர் எங்கள் அடுப்புக்கு நேரே நான்கு பேர் என்று எழுதட்டும்.