கிழியாமல் விழுங்கப்படுவது

கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா உடலை நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து நான் கரை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே ஓட்டி, உடல் நூலையும் கரை நூலையும் பூட்டுவேன். பாதியில் கை மாறினால் கரை சுருங்கிக்கொள்ளும். அண்ணன் ஒரகடத்துக் கார் கம்பெனிக்குப் போனபோது, தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் முடியட்டும் என்று யாரும் அவனை நிறுத்தவில்லை. அவன் இடத்துக்கு நான் வந்தேன், இயற்பியலில் முதுகலை முடித்த கையோடு.

புனேயில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். வீடியோவில் நேர்காணல். அன்றைக்குப் பார்த்து முகூர்த்தச் சேலை அவசரம். "இங்கியே பேசும்மா, நான் கம்முனு இருக்கிறேன்" என்றார் அப்பா. தறிக்கட்டையில் போனைச் சாய்த்து வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பிடித்த விஷயத்தையே கேட்டார்கள். விண்மீன்கூட்டத்தின் நடுவிலிருக்கும் ராட்சதக் கருந்துளைக்குப் பக்கத்தில் ஒரு விண்மீன் போனால் என்ன ஆகும்? கிட்டே இருக்கும் பக்கத்தை அது அதிகமாக இழுக்கும், தள்ளி இருக்கும் பக்கத்தைக் குறைவாக. தன்னைத் தானே பிடித்துக்கொள்ள முடியாமல் விண்மீன் நீண்டு கிழியும். பாதி தப்பித்து ஓடிவிடும். மீதி பாதி சுற்றி வந்து விழும்போது எழும் வெளிச்சம், எங்கோ இருக்கும் நமக்குக்கூடத் தெரியும். ஆங்கிலத்தில் மடமடவென்று சொன்னேன். அப்பாவுக்குப் புரிந்திருக்காது.

"கருந்துளை இன்னும் பெரிதாக இருந்தால்?" என்றார் கேள்வி கேட்டவர்களில் ஓர் அம்மா.

"கிழியாது. எல்லையைத் தாண்டும் வரை இழுப்பில் பெரிய வித்தியாசமே தெரியாது. முழுசாக உள்ளே போய்விடும். வெளிச்சம் வராது, வெளியே யாருக்கும் தெரியாது" என்றேன். பாழாய்ப்போன அழுகை, அந்த நேரத்திலா வர வேண்டும்? நெட்வொர்க் சரியில்லை என்று சமாளித்தேன்.

இடம் கிடைத்துவிட்டது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். "என் பொண்ணு நட்சத்திரம் படிக்கப் போவுது" என்று பால்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று. எப்போது கிளம்பட்டும் என்று கேட்டேன்.

"இந்தப் பாவு எறங்கட்டும்மா."

பாவு எங்கே முடிந்து இறங்குகிறது! தறியைக் காலியாக விடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பழைய பாவு தீரும் முன்பே அதன் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துவிடுவார்கள். படிப்பில் சேரக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பினால், பிணைக்கிறவரை வரவழைத்து அப்பா வேலையை முடித்திருந்தார். கிளிப்பச்சைப் பாவு. அழகாக வேறு இருந்தது, எரிச்சல்!

மறுநாள் காலை தறியில் உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன். "போவக் கூடாதுன்னு வாயத் தொறந்து ஒருவாட்டி சொல்லுப்பா. சண்ட போட்டுட்டாவது போறேன்."

அப்பா நிஜமாகவே பதறிப்போனார். "நான் ஏம்மா அப்படிச் சொல்லப் போறேன்? நீ படிக்கணும்மா." கண் கலங்கிவிட்டது அவருக்கு. துண்டால் துடைத்துக்கொண்டு, நாடாவை என் பக்கம் தள்ளினார்.

என் கை அதைப் பிடித்துக்கொண்டது.