முறை வரும் என்று சொன்னவர்

இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உறவினர் சிலர் என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். அண்ணனைப் பற்றி எழுதும்போது, பள்ளிக்கூட விஷயத்துக்குச் சீட்டுக் குலுக்கியதை விட்டுவிட வேண்டும் என்றார்கள். காரியத்துக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் புத்தகத்தில் குடும்பத்துக்கு இழுக்கான செய்தி எதற்கு என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். அண்ணியிடம் போய்க் கேட்டேன். "ஊர் ஊரா போய் அவரே சொன்னதை நீ மறைச்சு இன்னா பண்ணப் போறே?" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பழவேற்காடு ஏரி முகத்துவாரத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் படகேறிப் பழவேற்காட்டுக்குத்தான் போக வேண்டும். எங்கள் அப்பா, நைனா, ஏரியில் இறால் வலை கட்டியவர். பிள்ளைகள் நாங்கள் இருவர் மட்டுமே.

வெளியூர் நண்பர்களுக்காக இங்கே ஒரு விளக்கம். எங்கள் ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடங்களில் வலை கட்டும் உரிமையைப் 'பாடு' என்கிறோம். யார் எங்கே எப்போது கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். இந்தச் சுற்றில் நல்ல இடம் கிடைக்காதவருக்கு அடுத்த சுற்றில் கிடைக்கும். பலசாலிக்கும் நோஞ்சானுக்கும் ஒரே கணக்கு. சீட்டை மீறி வலை இறக்கியவரை ஊர் சும்மா விடாது. ஒருவருடைய முறையை இன்னொருவர் கெடுத்துவிட்டால், கெடுத்தவர் தன் முறையை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் போலீஸ் வந்து தீர்த்த சண்டையைவிட இந்த வழக்கம் தீர்த்த சண்டைகள் அதிகம்.

அண்ணனுக்கு இந்த வழக்கத்தின் மீது அளவில்லாத நம்பிக்கை. சிறுவயதில் வீட்டில் ஒரு முட்டை இருந்தால் விளக்குமாற்றுக் குச்சியை இரண்டாக ஒடித்து, நுனியை மட்டும் காட்டி என் முன் நீட்டுவார். நீளக் குச்சியை எடுத்தவருக்கு முட்டை. மறுமுறை, கேட்காமலேயே மற்றவருக்கு. நைனா காய்ச்சலில் இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். நான் ஆறாம் வகுப்பு. இருவரையும் படிக்க வைக்க முடியாது என்று அம்மா சொன்னார். அன்றும் அண்ணன் குச்சியை ஒடித்தார். நீளக் குச்சி எனக்கு வந்தது.

"இப்போ உன் மொறை, பாப்பா. நீ முடிச்சப்புறம் என் மொறை," என்றார்.

நான் பள்ளி முடித்தேன், கல்லூரி முடித்தேன், சென்னையில் ஒரு நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணனுடைய முறை வரவில்லை. அது எப்போது வரும் என்று அவர் என்னிடம் கேட்டதில்லை. நானும் அவரிடம் கேட்டதில்லை.

அண்ணன் பதினாறு வயதில் நைனாவின் இடத்தில் பாடு முறைக்கு நின்றார். அம்மாவைக் கடைசிவரை தன்னுடன் வைத்துக் காத்தார். குடிப்பழக்கம் இல்லை. புயல் காலங்களில் நிவாரண அரிசி வந்தால் எங்கள் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வரும். பகிர்ந்து கொடுப்பவர் அவர் என்பதே காரணம். ஊர்ப் பெரியவர்களில் ஒருவரானார். பழவேற்காட்டில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகவும் ஆனார். உறுப்பினர் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று எடுத்துக்கொண்ட படத்தை எனக்கு அனுப்பினார். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றார்.

இனி அந்த விஷயம்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோரைப் பள்ளி கூப்பிட்டது. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம் என்று ஆசிரியர்கள் விளக்கினார்கள். சயின்ஸ் குரூப்பில் இடம் குறைவு, மதிப்பெண் பார்த்துக் கொடுப்போம், எடுக்கும் குரூப் இரண்டு வருடத்துக்கும் அதேதான் என்றார்கள். எங்கள் ஊரிலிருந்து பாதிப் பேர் போகவில்லை. அன்று ஏரியில் இறால் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. போகாதவர்களுக்கும் சேர்த்து அண்ணன் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் மனதில் தங்கியது ஒன்றுதான்: இடம் குறைவு.

இடம் குறைவு என்றால் எங்கள் ஊரில் செய்வது ஒன்றே. கோயில் முன் ஊர் கூடியது. சீட்டு எழுதிக் குடத்தில் போட்டார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு சயின்ஸ், பாதிப் பேருக்கு ஆர்ட்ஸ் வந்தது. அண்ணன் மகன் சதீஷுக்கு சயின்ஸ். பழவேற்காடு சந்தையில் மீன் விற்கும் செல்வியின் மகள் கௌரிக்கு ஆர்ட்ஸ். அந்த வருடம் எங்கள் ஊரில் அதிக மதிப்பெண் வாங்கியவள் கௌரி. நர்ஸ் படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள்.

செல்வி தயங்கி நின்றாராம். அண்ணன் சொன்னது ஊருக்கே தெரியும்: "இன்னா தங்கச்சி யோசிக்கிறே? பதினொன்னுல இவங்க, பன்னெண்டுல அவங்க. உம்பொண்ணுக்கு அடுத்த வருஷம் மொறை வரும்."

பாடு முறையைப் போலவே குரூப்பும் சுற்றி வரும் என்று அவர் நம்பினார். கூடியிருந்த எல்லோரும் நம்பினார்கள். செல்வி பள்ளிக்குப் போய் மகளுக்கு ஆர்ட்ஸ் குரூப் கேட்டு வாங்கினார். இவ்வளவு மதிப்பெண் இருக்கிறதே என்று ஆசிரியை இரண்டு முறை கேட்டும், "ஊர்ல சீட்டு வுழுந்துடுச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டார். ஆசிரியைக்கு அது என்ன சீட்டு என்று புரியவில்லை.

சில மாதங்களில், பதினோராம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அண்ணனுக்கு அது இன்னும் தெம்பாகிவிட்டது. தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: "பார்த்தியா பாப்பா, பதினொன்னு கணக்குலயே வராத வருஷம். பன்னெண்டுதான் நெசம். ஒரு சண்டை இல்லாம முடிச்சுட்டேன்." ஊரில் ஒரு சண்டை குறைந்தது என்று நானும் மகிழ்ந்தேன்.

பிளஸ் டூ வகுப்புகள் தொடங்கிய வாரம் நான் விடுப்பில் ஊரில் இருந்தேன். அண்ணன் அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெற்றோரைக் கூட்டிப் படகேறினார். நானும் போனேன். தலைமை ஆசிரியையின் அறையில் அவர் கைகூப்பிச் சொன்னார்:

"டீச்சர், மொறை மாத்தணும். இந்தப் பசங்க ஒரு வருஷம் சயின்ஸ் படிச்சுட்டாங்க. இப்போ கௌரியும் மத்தவங்களும் அங்க வரணும்."

தலைமை ஆசிரியை எங்களை மாறி மாறிப் பார்த்தார். "யார் சொன்னாங்க மாத்தலாம்னு?"

"பதினொன்னுலதான் பரீட்சை இல்லையே டீச்சர்."

"பொதுத்தேர்வுதான் இல்லைங்க. பாடம் இருக்கு, பள்ளிக்கூடத் தேர்வு இருக்கு. பதினொன்னுல படிச்சதுக்கு மேலதான் பன்னெண்டு. இப்போ சயின்ஸ் வேணும்னா மறுபடியும் பதினொன்னுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அப்போ இப்படியே படிச்சு நர்ஸுக்குப் போக முடியாதா?" என்று செல்வி கேட்டார்.

"ஆர்ட்ஸ் குரூப்ல அதுக்கு வழியில்லைம்மா."

வாசலில் நின்றிருந்த யாரோ சிரித்தார்கள். "இன்னாபா, பள்ளிக்கூடத்துலயும் பாடு உட்டுட்டாங்களா?" என்ற குரல் அறைக்குள் தெளிவாகக் கேட்டது. அண்ணன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டேன்.

ஆர்ட்ஸ் வந்த மற்ற பிள்ளைகள், கணக்குப்பதிவு பிடித்துவிட்டது, இதிலேயே இருக்கிறோம் என்றார்கள். இழப்பு கௌரிக்கு மட்டும்தான். திரும்பும் படகில் செல்வி எல்லோர் முன்னிலும் கேட்டார்:

"உம்புள்ளைக்கு வந்த மொறை மட்டும் மாறாது, இல்லண்ணே?"

 குடத்தில் அண்ணன் எந்தச் சூதும் செய்யவில்லை என்று செல்விக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணி சந்தைப் பக்கம் போவதை நிறுத்தினார். சதீஷ் தனியாகப் பள்ளிக்குப் போனான். கரையில் யாராவது சேர்ந்து சிரித்தால் நாங்கள் எங்களைப் பற்றித்தான் என்று நினைத்தோம்.

அன்று மாலை அண்ணன் என்னிடம் சொன்னது இது: "எனக்குத் தெரிஞ்சிருக்கணும் பாப்பா. படிப்புல மொறை திரும்பி வராதுன்னு எனக்குத் தெரியாதா?"

 பேசும் தகுதி எனக்கில்லை.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் அண்ணன் எழுந்து, செல்வி வீட்டு முறையைத் தான் கெடுத்துவிட்டதாகவும், வழக்கப்படி தன் பாடு முறையை அவர்களுக்கு விடுவதாகவும் சொன்னார்.  செல்வி எழுந்தார்.

"உன் பாடு எனக்கு வேணாம். எம்பொண்ணு மறுபடியும் பதினொன்னுல, சின்னப் பசங்களோட ஒக்காரப் போறா. வெக்கமா கீதுன்னு அழுவுறா. அவளுக்குக் கீற வெக்கத்துல பாதியை நீ எடுத்துக்கோ. பள்ளிக்கூடத்துல எப்போ கூட்டம் வெச்சாலும் எங்கூட வந்து ஒக்காரு. புரியலேன்னா கையைத் தூக்கிக் கேளு. எனக்குக் கேக்கத் தெரியாது."

அண்ணன் போனார். மேலாண்மைக் குழு நாற்காலியில் உட்காராமல் செல்வியின் பெஞ்சில் உட்கார்ந்தார். எந்த குரூப்புக்கு எந்தக் கல்லூரிப் படிப்பு, செய்முறைத் தேர்வைத் தவறவிட்டால் என்ன ஆகும், வருகை குறைந்தால் என்ன ஆகும் என்று கை தூக்கிக் கேட்டார். சில கேள்விகள் அசட்டுத்தனமானவை. ஆசிரியர்கள் பொறுமையாகச் சொன்னார்கள். அவருக்கு ஒரே தடவையில் புரிந்ததில்லை. புரியாதபோது தெரிந்ததுபோலத் தலையாட்டுவதை மட்டும் அடியோடு விட்டுவிட்டார்.

பிறகு ஏரியைச் சுற்றியுள்ள மற்ற குப்பங்களுக்கும் போனார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கிடைக்க எது படிக்கணும் என்று அங்கெல்லாம் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வார், தெரியாததை ஆசிரியையிடம் கேட்டுவந்து சொல்வார். பேச்சை எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்: "பள்ளிக்கூடத்துக்குச் சீட்டுப் போட்டானே ஒரு முட்டாளு, அது நான்தான்." ஜனங்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். சிரிப்பு அடங்கியதும், கூட்டத்துக்கு வராமல் வலைக்குப் போனவர்கள் யார் யார் என்று கேட்பார். ஒருமுறை நானும் உடன் போயிருந்தேன். அந்த வாக்கியம் வரும்போது எழுந்து வெளியே போய்விட்டேன். ஒவ்வொரு ஊரிலும் அதைச் சொல்ல வேண்டுமா என்று படகில் கேட்டேன்.

"கௌரி தினமும் சின்னப் பசங்களோட ஒக்காந்து சொல்லிக்கினுதானே கீறா, வாயைத் திறக்காம?" என்றார்.

மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. படகில் பழவேற்காட்டுக்கும், அங்கிருந்து வண்டியில் பொன்னேரி மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். திருப்பாலைவனம் தாண்டும்போது உயிர் பிரிந்தது.

மறுநாள் உடல் எடுக்கப்பட்டது. எங்கள் ஊரில் சாவு விழுந்தால் உடல் எடுக்கும்வரை ஒரு படகும் கரையை விடாது. அன்று ஒரு படகு விட்டது. சீருடையில், பரீட்சை அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு கௌரி அதில் உட்கார்ந்திருந்தாள். அது அரையாண்டுத் தேர்வு. பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. பெரியவர் ஒருவர் செல்வியிடமே கேட்டுவிட்டார்:

"இன்னா செல்வி, எடுக்குற வரைக்கும் இருக்கக் கூடாதா அந்தப் பொண்ணு? பதினொன்னுதானே? அதுலதான் பரீட்சையே கணக்கு இல்லையாமே?"

செல்வி தலைமாட்டிலிருந்து திரும்பினார். "மாமா, அந்த வார்த்தையை இங்க சொல்லாதே. காதுல வுழுந்துச்சுன்னா அண்ணன் எழுந்து ஒக்காந்துடுவாரு."

அதன் பிறகுதான் அவர் வாய்விட்டு அழுதார். நாங்களும் அழுதோம்.

அண்ணனைப் படகிலும் வண்டியிலும் சுமந்தவர்களுக்கும், தொழிலை நிறுத்தித் துணை நின்ற ஊராருக்கும், அவருடைய கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்ன ஆசிரியர்களுக்கும், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்த செல்விக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நேரில் வந்தும் தொலைபேசியிலும் ஆறுதல் சொன்ன அனைவருக்கும் நன்றி.

இறுதி ஊர்வலத்துக்கு வராத கௌரிக்கு, தனியாக.

— தங்கை