திங்கள், புதன், வெள்ளி

போன வாரம் சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் போகும் டவுன் பஸ்ஸில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். வெள்ளித்தாள் கிழிந்து 'டப்' என்று ஒரு சத்தம். தலைவலிக்கோ வயிற்றுவலிக்கோ தெரியாது, ஒரே ஒரு மாத்திரை. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் காது மட்டும் இன்னும் ஆறு சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் சங்கிலியை இழுத்து முந்தானைக்குள் விட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஐம்பதைத் தாண்டியவள், பார்க்கக் கௌரவமாக இருக்கிறாள், கண் போகிற இடத்தைப் பார் என்று நினைத்திருப்பாள் பாவம்.

இந்தத் தொண்டை பார்க்கிற பழக்கம் எனக்குக் கொல்லிமலையில் வந்தது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். அந்த மலையில் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்ததை நாடு என்பார்கள்; தேவனூர் நாட்டில் ஒரு சின்ன ஊரில் நான் பால்வாடி டீச்சர். அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண். கிணறும் கடலைக்காடும் தவிர ஒன்றும் தெரியாது. முதல் முறை மலை ஏறியபோது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். இருபதாவதுக்கு மேல் எண்ணவில்லை, வாந்திதான் எடுத்தேன். அந்த பஸ்ஸின் டீசல் வாசமும் யாரோ மடியில் வைத்திருந்த பலாப்பழ வாசமும் கலந்த ஒன்று இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது.

பால்வாடி என்றால் ஓர் ஓட்டுக் கட்டடம், சத்துமாவு டின், சமையல் ஆயா, இருபது குழந்தைகள், ஒரு சுவர்க்கடிகாரம். டீச்சர் என்று ஊரே கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. மூக்கு ஒழுகுகிற பிள்ளையின் அப்பனைக்கூட நிற்கவைத்து அதட்டுவேன். அவர்களும் "செரீங்க டீச்சர்" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். எதிர்த்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் நமக்கு எவ்வளவு சீக்கிரம் குரல் உயர்ந்துவிடுகிறது பாருங்கள்.

காசநோய்க்குப் புது முறையில் மருந்து வந்தது அந்தச் சமயத்தில்தான். நோயாளி ஒவ்வொருவருக்கும் பேர் எழுதிய ஒரு பெட்டி. முதல் இரண்டு மாதம் திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள், நான்கு வகை மருந்து, மொத்தம் ஏழு மாத்திரை ஒரே வேளையில். அதற்கப்புறம் இன்னும் நான்கு மாதம், குறைந்த மாத்திரையோடு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் இருமல் நின்றதும் நிறுத்திவிடுவார்கள், அரைகுறையாகத் தின்றால் கிருமிக்கு மருந்தே பழகிப்போகும், அதனால் யாராவது ஒருவர் கண்முன்னால் விழுங்க வைக்க வேண்டும். எங்கள் ஊருக்கு அந்த யாராவது நான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வேளைகூட விடக்கூடாது, மாத்திரை உள்ளே இறங்கியதைத் தொண்டையைப் பார்த்து உறுதி செய்யுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசியில் இன்னும் ஏதோ சொன்னார்கள். அதையும் எழுதினேன், மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே.

என் முதல் நோயாளி நல்லம்மாள். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். புருஷன் சடையன், மிளகுக் கொடிக்கு மரம் ஏறுகிறவர். ஒரே பெண் பூங்கொடி, நான்கு வயது, என் பால்வாடியில்தான் இருந்தாள். சளியில் கிருமி இருக்கிறது என்று தெரிந்த அன்றே நல்லம்மாள் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, மரவள்ளிக் காட்டில் இருந்த காவல் கொட்டாய்க்குப் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். மருந்து பிடித்ததும் சில வாரத்தில் வீட்டோடு இருக்கலாம் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் அதற்கு மேலே ஒரு சட்டம் போட்டேன்.

"ரெண்டு மாசம் முடியட்டும். சளி டெஸ்ட்ல கிருமி இல்லைன்னு சீட்டு வரட்டும். அப்பறம் ஊட்டுக்குள்ள போயி புள்ளையக் கட்டிப் புடிச்சுட்டுத் தூங்கு."

"ரெண்டே மாசந்தானுங்களா டீச்சர்?"

"ரெண்டே மாசம்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் வந்தாள். திங்கள், புதன், வெள்ளி, கடிகாரத்தில் எட்டு அடிக்கும்போது பால்வாடி வாசலில் நிற்பாள். மழையென்றாலும் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வருவாள். உள்ளே வர மாட்டாள். சேலைத் தலைப்பால் மூக்குவரை மூடி, காற்று போகிற பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டு நிற்பாள். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. நான் ஏழையும் ஒவ்வொன்றாக அட்டையிலிருந்து அழுத்தி அவள் உள்ளங்கையில் போடுவேன். தலைப்பைக் கொஞ்சம் தூக்கி, தலையைச் சாய்த்து விழுங்குவாள். நான் தொண்டைக்குழியைப் பார்ப்பேன். ஏறி இறங்கியதும் அவள் பேருக்கு இருந்த மருந்து கார்டில் அன்றைய கட்டத்தில் ஒரு டிக். பிறகு அவள் ஜன்னல் வழியாகப் பூங்கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்தக் கார்டை நான் எவ்வளவு ரசித்தேன் தெரியுமா. ஒரு கட்டம்கூட காலியில்லை. மோட்டார் சைக்கிளில் வருகிற மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, "மலையிலயே சுத்தமான கார்டு உங்களுதுதாங்க டீச்சர்" என்றார். அன்று ஆயாவுக்கும் சேர்த்து நானே டீ போட்டேன்.

நல்லம்மாள் முதல் மாதமே தேறினாள். இருமல் அடங்கியது, சாயங்காலக் காய்ச்சல் நின்றது. சிறுநீர் நிறம் மாறியதும் முதலில் பயந்துபோய் ரத்தம் போகிறது என்று ஓடிவந்தாள். நான் சிரித்துக்கொண்டே, அது மருந்து நிறம், பயப்படாதே என்றேன். அவளும் சிரித்தாள். நான் சொன்னது நடந்தால் அவளுக்கு என் மேல் நம்பிக்கை கூடத்தானே செய்யும்.

இரண்டாம் மாதம் முடியப்போகிற சமயத்தில் ஒரு திங்கட்கிழமை.

"சோத்தப் பாத்தாலே ஆகமாட்டீங்குதுங்க டீச்சர்."

"வெறும் வயித்துல முழுங்கினா அப்படித்தான் இருக்கும். ஒரு பழத்தத் தின்னுட்டு வா."

புதன்கிழமை, "ஒண்ணுக்கு நெறம் கூடிப்போச்சுங்க. கடுங்காப்பியாட்டப் போகுதுங்க" என்றாள்.

"அதுதான் அன்னைக்கே சொன்னேனே, மருந்து நெறம்."

வெள்ளிக்கிழமை காலை மலை முழுக்க மூடுபனி. பத்தடிக்கு அப்பால் நிற்கிற வேலி தெரியவில்லை. அன்று அவள் வழக்கமான இடத்தில் நிற்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு உட்டுப்போடலாமுங்களா டீச்சர்? வாந்தியா வருதுங்க. முடியலீங்க."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை வரவில்லை. ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. "இத்தன நாள் தின்னது பூராவும் வீணாப் போகோணுமா? சளி குடுத்தாச்சு, சீட்டு வரப்போற நேரத்துல ஊட்டுக்குப் போறதுக்கு மனசில்லையா உனக்கு?" என்று அதட்டினேன். அவள் கையை நீட்டினாள். "நீங்க சொன்னா செரீங்க." ஏழையும் விழுங்கினாள். தலைப்பை மறுபடி மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டாள். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. டிக் போட்டேன்.

பத்து மணிக்கு மேல் பனி கலைந்து வெயில் வந்தது. குழந்தைகளுக்கு நிறம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பச்சை எது என்றால் ஆளாளுக்கு வெளியே கை காட்டினார்கள். மஞ்சள் எது என்று கேட்டேன். வாழைப்பழம் என்றது ஒன்று. கடுகுப் பூ என்றது இன்னொன்று. பூங்கொடி எழுந்து நின்று, "எங்கம்மா கண்ணு" என்றாள்.

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "எப்பக் கண்ணு பாத்த?" என்று கேட்டேன். நேற்று அப்பாவோடு சோறு கொண்டுபோய்த் தள்ளி நின்று பார்த்தாளாம். நான்கு வயதுக் குழந்தை தூரத்தில் நின்று பார்த்ததை, வாரத்துக்கு மூன்று நாள் கையெட்டும் தூரத்தில் நின்ற நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் தொண்டையை.

பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு மரவள்ளிக் காட்டுக்கு ஓடினேன். கொட்டாய்க்கு வெளியே வெயிலில் சுருண்டு படுத்திருந்தாள். தலைப்பை விலக்கிப் பார்த்தேன். கண் மட்டுமில்லை, நெற்றி, கழுத்து எல்லாம் மஞ்சள். "டீச்சர், மாத்திர வெளிய வந்துருச்சுங்க. நாளைக்குத் திருப்பிக் குடுத்துருங்க" என்றாள். வாந்தி எடுத்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

சடையனையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டு, கட்டிலில் போட்டுத் தூக்கி ரோட்டுக்கு வந்து, மிளகு ஏற்ற வந்த ஜீப்பில் கீழே கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தை எல்லாம் நிறுத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"மருந்து நல்ல மருந்துதாம்மா. சில பேருக்கு ஈரலத் தாக்கும். பசி போகும், வாந்தி வரும், சிறுநீர் கறுத்துப் போகும், கண்ணு மஞ்சளாகும். அப்பவே நிறுத்திட்டு அனுப்பியிருந்தா பெரும்பாலும் தேறிடுவாங்க. ஈரல் சரியானதும் வேற மாதிரி மருந்து மாத்திக் குடுத்திருக்கலாம்."

மலைக்குத் திரும்பி, என் அறைக்குப் போய் அந்தப் பயிற்சி நோட்டைப் புரட்டினேன். கடைசி வரியில், என் கையெழுத்தில், இருந்தது: கண் மஞ்சள், தொடர் வாந்தி என்றால் மாத்திரை கொடுக்காமல் உடனே அனுப்பவும். அழகாக அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அதைப் படித்து நான் அழுத அழுகை ஆயாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே நல்லம்மாள் போய்விட்டாள். அன்று காலைதான் மேற்பார்வையாளர் சளி ரிசல்ட் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கிருமி இல்லை.

உடம்பை வாசலில் இறக்கினார்கள். வெளியில் உயிர் போனவர்களை வீட்டுக்குள் கொண்டுபோகிற வழக்கம் இல்லை என்று பங்காளி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். சடையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"சீட்டு வந்திருச்சுங்களா டீச்சர்?"

"வந்திருச்சுங்க. கிருமி இல்லீங்க."

"அப்ப உள்ள கொண்டுபோலாமுங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் பங்காளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்துதான் நுழைய வேண்டிய அந்தக் கூரை வீட்டுக்குள் அவரும் இன்னும் மூன்று பேருமாக அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு வெளியே வந்து, இழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "டீச்சரம்மா ஒரு நாளுகூட உடாமக் குடுத்தாங்க. அவிய மேல ஒரு கொறையும் சொல்ல முடியாது. எம் பொண்டாட்டிக்குத்தான் குடுத்துவெக்கல."

மஞ்சள் காமாலை தானாக வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. ஊரில் அப்போது இன்னும் இரண்டு பேர் அதே மருந்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்தால் பயந்து நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் அவர்களும் செத்துப்போவார்கள் என்பது எனக்கு நான் சொல்லிக்கொண்ட காரணம். பொய்க் காரணம் இல்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த இரண்டு பேரையும் வெளிச்சத்தில் நிறுத்தி, தலைப்பையும் துண்டையும் எடுக்கச் சொல்லி, கண்ணைப் பார்த்து, பசிக்கிறதா, வாந்தி உண்டா, என்ன நிறத்தில் போகிறது என்று கேட்ட பிறகுதான் அட்டையைக் கையில் எடுத்தேன். இருவரும் குணமானார்கள்.

அதற்கப்புறம் எனக்கு மலையை விட்டுக் கீழே மாற்றல் வந்தது. திங்கள், புதன், வெள்ளிக் கணக்கு போய், இப்போது தினமும் மாத்திரை என்று ஆகிவிட்டது. காவல் கொட்டாய் இருந்த இடத்தில் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. பூங்கொடியை அவள் மாமன் ஆலத்தூர் நாட்டுக்குக் கூட்டிப்போய் வளர்த்தார், எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் மிளகு பறிப்பு முடியட்டும், மலை ஏறி, சடையனைப் பார்த்து உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். உங்கள் சம்சாரம் ஒரு நாள் வேண்டாம் என்றுதான் கேட்டாள், நான்தான் விடவில்லை என்று. இரண்டு தடவை மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். மூன்றாம் தடவை மேலே போனேன். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது என்றார்கள். சாகும்வரை என்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தாராம்.